ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு

நவம்பர் 12, 1941. புதன். துரக் தீவு.

இன்றும் கிடைக்கவில்லை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை படகில் கொக்கி போட்டு இழுத்ததுதான் மிச்சம். வந்ததெல்லாம் பவளக் கல்லும் துருப்பிடித்த சங்கிலித் துண்டும். முக்குளிக்கப் போனவன் காதில் ரத்தம் வந்து ஏறிவிட்டான். மஞ்சள் தலை வைத்த பயிற்சி டார்பிடோ ஒன்று அடியில் எங்கோ நிம்மதியாகப் படுத்திருக்கிறது. எங்களுக்குத்தான் நிம்மதி போயிற்று.

வேறு எவனாவது தொலைத்திருந்தால் இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. தொலைத்தது செங்கிச்சி. என் தங்கை கினுவின் புருஷன். இந்தக் ‘கவாகிரி’ நாசகாரிக் கப்பலில் நான் பின் டார்பிடோ மேடைக்குத் தலைவன், அவன் என் கீழே வேலை பார்க்கிறவன். கூடவே வரட்டும், ஒரு கண் வைத்துக்கொள்ளலாம் என்று ஆள் பிடித்து இந்தக் கப்பலுக்கு இழுத்து வந்ததும் நான்தான். நல்லா வெச்சேன் கண்ணு.

பயிற்சியில் சுட்ட டார்பிடோ ஓடி முடித்து மேலே மிதந்து வரும். படகில் போய்ப் பிடித்துக் கட்டி இழுத்து வர வேண்டும். பிடித்தான், கட்டினான். ஆனால் கட்டியது எங்கள் ஊர் முடிச்சு. வஜிமாவில் மத்தி வலையைப் படகோடு எல்லாரும் அப்படித்தான் கட்டுவோம். நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு, மொத்தமும் அவிழ்ந்துவிடும். வலை கனத்துப் படகைக் கவிழ்க்கப் பார்த்தால் கத்தி தேட நேரம் இருக்காது, அதற்காக. இங்கே இழுத்தது அலை. தலைக்குள் தண்ணீர் ஏறியிருந்த டார்பிடோ குமிழி விட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டது.

எங்கள் டார்பிடோ அதிகாரி லெப்டினன்ட் ஒகுதெரா கப்பலின் விளிம்பில் நின்று கேட்டார்: “என்னய்யா, மத்தி மீன் புடிக்கவா வந்தே?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நவம்பர் 13.

இல்லை. கப்பல் முழுவதற்கும் கரை விடுப்பு ரத்து. சமையல்காரன் நெசு எல்லார் தட்டிலும் முள்ளங்கி ஊறுகாய் வைத்தான், செங்கிச்சி தட்டைத் தாண்டிப் போனான். “டார்பிடோவையே முழுங்கினவருக்கு முள்ளங்கி எதுக்கு?” அதற்கும் சிரிப்பு. அவன் வெறும் பார்லிச் சோற்றைக் குனிந்தபடி தின்றான்.

நவம்பர் 15. சனி.

தேடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நிறுத்தினால் யாராவது அனுபவித்தாக வேண்டும் அல்லவா.

பின் தளத்தில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். உறுதித் தடியை ஒகுதெரா கொண்டு வரச் சொன்னார். மனுஷனுக்குள் உறுதி ஏற்றுகிற தடியாம், அதன் மேலேயே மையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை என் கையில் கொடுத்தார். “உன் மேடை ஆளு. உன் வீட்டு ஆளும்கூட. நீயே பாத்துக்க.”

செங்கிச்சி இரண்டு கையையும் உயர்த்தி இரும்புச் சுவரில் ஊன்றிக் காலை அகட்டி நின்றான். மெதுவாக அடித்தால் தடியை இன்னொருவன் வாங்கி இன்னும் பலமாக அடிப்பான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஓங்கி அடித்தேன் என்று இங்கே எழுதிவிடலாம். பொய். எனக்குக் கோபம். மூன்று நாள் சிரிப்பும் சேர்ந்து வந்த கோபம். அடிக்க அடிக்க ஏறியதே தவிர இறங்கவில்லை. கால்சட்டை கிழிந்து தொடை வழியே ரத்தம் இறங்கியது. விழுந்தான். உப்புத் தண்ணீரை ஊற்றி நிமிர்த்தினார்கள். மீதியையும் அடித்தேன்.

முடிந்ததும் திரும்பி, குனிந்து, “வழிகாட்டினதுக்கு நன்றிங்க ஐயா” என்றான். அப்படித்தான் சொல்ல வேண்டும். எல்லாரும் சொன்னவர்கள்தான்.

அவனை என் மேடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனிமேல் கப்பலின் பின்கோடியில், ஆழ்குண்டுப் பக்கம். நீர்மூழ்கிகள் தலையில் உருட்டிவிடும் பீப்பாய்க் குண்டுகள்.

நவம்பர் 16.

மருந்து எடுத்துக்கொண்டு போனேன். குப்புறப் படுத்திருந்தான். தோல் இருந்த இடத்தில் தோல் இல்லை. வலிக்குதா என்று கேட்டேன். நானெல்லாம் ஒரு மனுஷன்.

“கினுவுக்கு எழுதிடாதீங்க மச்சான். வயித்துப் பிள்ளக்காரி.”

“எழுதுவேனா? பைத்தியமா எனக்கு?”

“அவ அண்ணன் அடிச்சதுன்னு தெரிஞ்சா உங்களத்தான் கிழிப்பா. எனக்கு ஒண்ணுமில்ல.” அதைச் சொல்லி அவனே சிரித்தான், பிறகு வலியில் பல்லைக் கடித்தான். கொஞ்ச நேரம் கழித்து, “இனிமே ஒரு சாமான் என் கைய விட்டுப் போகாது மச்சான். பாத்துட்டே இருங்க” என்றான்.

வருஷக் கடைசியில் கினுவுக்குப் பிரசவம். அவனைப் பத்திரமாக ஊருக்குக் கொண்டு போய் அவள் முன்னால் நிறுத்த வேண்டும். எனக்கு இந்தக் கடலில் வேறு வேண்டுதல் கிடையாது.

நவம்பர் 29. சனி.

துரக்கை விட்டுக் கிளம்பினோம். கிழக்கே. மஞ்சள் தலைகளைக் கழற்றிவிட்டு நிஜத் தலைகளை மாட்டியாயிற்று. யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. நெசுகூட வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 8. திங்கள். குவாஜலின் தீவு.

போர். அமெரிக்காவோடு.

காலையில் கேப்டன் அறிவிப்பை வாசித்தார். அவர் முடிப்பதற்குள் ஒருவன் கத்தினான், எல்லாரும் கத்தினோம். சிவப்புப் பயறு போட்ட சோறு, ஆளுக்கு ஒரு கிண்ணம் சாக்கே மது. நாங்கள் போவது அமெரிக்காக்காரன் கையில் இருக்கும் வேக் தீவுக்கு. தரைப்படை ஆட்களைக் கரையேற்ற வேண்டும். ஒகுதெரா சொல்கிறார், நம் விமானங்கள் முதலில் போய் எல்லாவற்றையும் நொறுக்கிவிடுமாம், நாம் போய்க் கூட்டிப் பெருக்கினால் போதுமாம்.

செங்கிச்சி சாக்கேயைக் குடிக்கவில்லை. ஒரு வாய் மட்டும் கடலுக்குப் படைத்துவிட்டு மீதியை எனக்குக் கொடுத்தான். “பையன் பொறந்தா சேத்துக் குடிக்கலாம் மச்சான்.”

“பொண்ணுன்னா?”

“பொண்ணுன்னா ரெண்டு கிண்ணம். கினு மாதிரி இருந்தா சமாளிக்கத் தெம்பு வேணும்ல.”

டிசம்பர் 10. புதன். கடலில்.

பேய்க் காற்று. கப்பல் ஒருபக்கம் சாய்ந்தால் எழுந்திருக்க யோசிக்கிறது. தளத்தின் மேலே அலை ஏறி அடிக்கிறது. தரைப்படை ஆட்கள் கண்ட இடத்தில் வாந்தி.

காலையில் ஒகுதெரா சுற்றி வந்தார். “ஒரே ஒரு குண்டு உருண்டு போனாலும் தொலைச்சுப்புடுவேன்” என்று பின்கோடியில் கத்தினது என் மேடைவரை கேட்டது. போய்ப் பார்த்தேன். செங்கிச்சி ஒவ்வொரு ஆழ்குண்டையும் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டி, அதன்மேல் எஃகுக் கம்பியால் இரண்டு சுற்று இழுத்து, கம்பி முனையை இடுக்கியால் முறுக்கி வைத்திருந்தான். விரலெல்லாம் கிழிந்திருந்தது. ஒரு குண்டைக் காலால் உதைத்துப் பார்த்தேன். கப்பலோடு சேர்த்து வார்த்த மாதிரி இருந்தது.

மத்தியானம் ஒகுதெரா எல்லாரையும் அங்கேயே கூப்பிட்டுக் காட்டினார். “பாருங்கடா. கட்டுன்னா இது கட்டு.” செங்கிச்சிக்குக் காது வரை சிவந்துவிட்டது. எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது, பொய் சொல்வானேன். என் பங்கு சிகரெட் பொட்டலத்தை அப்படியே அவன் சட்டைப் பையில் வைத்தேன்.

“இப்ப என்ன சொல்றீங்க மச்சான்?”

“தடி நல்லாத்தான் வேல செஞ்சிருக்கு மாப்ள.”

சிரித்தான். நானும்.

நாளை விடியலில் சண்டை. எல்லாரும் குளித்துத் துவைத்த உள்ளாடை போட்டாயிற்று. காயம் பட்டால் அழுக்குத் துணி உள்ளே போகக் கூடாதாம். இந்தக் குறிப்பை எண்ணெய்த் தாளில் சுற்றி வயிற்றுப் பட்டைக்குள் வைத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 11.

எழுத முடியவில்லை. கை.

டிசம்பர் 14. ஞாயிறு. குவாஜலின், மருத்துவக் கப்பல்.

வலது கைக்கு இன்றுதான் கட்டைத் தளர்த்தினார்கள். எழுதாமல் இருந்தால் தலை வெடித்துவிடும்.

விடிகாலையில் தீவு தெரிந்தது. மட்டமான தீவு, கடலில் விரித்த பாய் போல. நாங்கள் சுட்டோம். எண்ணெய்த் தொட்டிகள் பற்றிக் கரும்புகை எழுந்தது. அங்கிருந்து பதிலே இல்லை. இன்னும் கிட்டே போனோம். பதில் இல்லை. எல்லாரும் செத்துவிட்டார்கள் என்றான் என் பக்கத்தில் இருந்தவன். இன்னும் கிட்டே.

அப்புறம் அடித்தார்கள். எங்களுக்கு முன்னால் போன நாசகாரிக் கப்பலை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நடுவில் ஒரு வெளிச்சம். புகை. புகை விலகினால் அங்கே கப்பல் இல்லை. கடல்தான் இருந்தது, ஒரு தொப்பிகூட மிதக்கவில்லை. கண்ணைத் துடைத்துப் பார்த்தேன். இல்லை.

எல்லாக் கப்பலும் திரும்பி ஓடினோம். ஓடினோம் என்றே எழுதுகிறேன்.

தப்பித்தோம் என்று நினைத்த நேரத்தில் விமானங்கள். சின்னச் சின்னது, நாலைந்து இருக்கும். எல்லாவற்றையும் நொறுக்கியாயிற்று என்றார்களே, இதெல்லாம் எங்கிருந்து வந்தது? முதலில் வந்தவன் இயந்திரத் துப்பாக்கியால் தளத்தைப் பெருக்கிவிட்டுப் போனான். என் மேடையில் நின்றிருந்தவனுக்குத் தாடை போய்விட்டது. கையால் அதைத் தேடிக்கொண்டே உட்கார்ந்தான். அடுத்த விமானக்காரன் குண்டு போட்டான். புகைபோக்கிக்குப் பின்னால், சமையல் அறைமேல். நெசுவும் அவன் அடுப்பும் இருந்த இடத்தில் ஒரு குழி, குழிக்குள் நெருப்பு. எண்ணெய் தீப்பிடித்துத் தளத்தில் ஓடி வந்தது. தண்ணீர் மாதிரி ஓடி வருகிறது அது.

கேப்டன் இருக்கும் மேடைக்குப் பேசும் குழாயில் கத்தினேன். பதில் இல்லை. மறுபடி கத்தினேன். என் டார்பிடோக்கள் மூன்றும் சூடாகிக்கொண்டிருந்தன, மேல் பெயிண்ட் கொப்புளித்தது. நிஜத் தலைகள். உத்தரவில்லாமல் ஒன்றைத் தொட்டாலே என்ன ஆகும் என்று இந்தக் கப்பலில் என்னைவிட யாருக்குத் தெரியும்? பயிற்சி டார்பிடோவுக்கே அந்த அடி. ஒரு மூச்சு நேரம் நின்றேன். பிறகு மேடையைக் கடல் பக்கம் திருப்பி மூன்றையும் வெற்றுக் கடலில் சுட்டுத் தள்ளினேன். யாரும் இல்லாத திசையில்.

அப்புறம்தான் பின்கோடி நினைவு வந்தது.

நெருப்பைச் சுற்றி விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஓடினேன், கை வெந்தது அங்கேதான். செங்கிச்சி குண்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான். காயம் ஒன்றும் இல்லை. முழு ஆளாக நின்றுகொண்டிருந்தான்.

“தள்ளு மாப்ள, எல்லாத்தையும் கடல்ல தள்ளு.”

“உத்தரவா மச்சான்?”

“நான் சொல்றேன்ல, உத்தரவுதான். தள்ளித் தொல.”

இடுக்கியை எடுத்தான். முறுக்கின கம்பி. இரண்டு சுற்று. ஒன்றைப் பிரித்தான், கயிற்றை அறுத்தான், குண்டு உருண்டு விழுந்தது. வெடிக்கவில்லை, சும்மா மூழ்கியது. சும்மா மூழ்கும் அது, தீ படாத வரைக்கும். நான் இன்னொரு கம்பியைக் கையால் பிடித்து இழுத்தேன். சூடு. தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது. வரவில்லை. அவன் அடுத்ததைப் பிரிக்கிறான், இடுக்கி ரத்தத்தில் வழுக்குகிறது. எண்ணெய் எரிந்துகொண்டே வந்துவிட்டது. அப்போது என்னை நிமிர்ந்து பார்த்தான். பயந்த முகம் இல்லை. தப்பு செய்துவிட்டுப் பிடிபட்டவன் முகம், படகில் அன்றைக்கு இருந்த அதே முகம்.

“ரொம்ப நல்லா கட்டிட்டேன் மச்சான்.”

கோடரி தேடித் திரும்பினேன். முன்பக்கம் நாலு எட்டு ஓடியிருப்பேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

தண்ணீரில்தான் விழித்தேன். கப்பலின் பின்பாதி இல்லை. முன்பாதி மூக்கைத் தூக்கிக்கொண்டு மிதந்தது. அதிலிருந்து ஆட்களை இன்னொரு கப்பல் ஏற்றிக்கொண்டது, என்னையும் கொக்கி போட்டு இழுத்தார்கள். எங்கள் ஆட்களில் பாதிக்கு மேல் உயிரோடு இருக்கிறார்கள். முன்பாதியில் இருந்தவர்கள்.

அந்த முடிச்சைப் போட்டிருந்தால்? ஊர் முடிச்சு. ஒரு குண்டுக்கு ஒரே இழுப்பு. எல்லாம் கடலுக்குள் போயிருக்கும், அவனும் இங்கே பக்கத்துப் படுக்கையில் கிடந்து என்னைக் கேலி பண்ணிக்கொண்டிருப்பான். அந்த முடிச்சை அவன் கையிலிருந்து அடித்து விரட்டினது யாருடா? நீதானடா.

டிசம்பர் 15.

தூங்க மருந்து கொடுக்கிறார்கள். தூங்கினால் இடுக்கிச் சத்தம்.

டிசம்பர் 17. புதன்.

ஒகுதெரா வந்தார். இடது கை தோளோடு கட்டியிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“டார்பிடோவ விடச் சொல்லி யார் உத்தரவு குடுத்தா?”

“யாரும் குடுக்கல.”

“மூணு போச்சு. உத்தரவில்லாம.”

“ஆமாங்க. அதனாலதான் நீங்களும் நானும் பேசிட்டு இருக்கோம்.”

அறைவார் என்று நினைத்தேன். அறையவில்லை. தரவரிசையில் ஒரு படி இறக்குவார்கள் என்று மட்டும் சொன்னார், அதுவும் அவர் பேசிப் பார்த்ததால்தான் ஒரு படியாம். பிறகு ஒரு காகிதத்தை நீட்டினார். செங்கிச்சியைப் பற்றி. ‘நெருப்பு சூழ்ந்தபோதும் பேரரசர் ஒப்படைத்த ஆயுதங்களை விட்டு நகராமல் கடைசி மூச்சுவரை காத்து நின்றார்’ என்று இருந்தது. அவனுக்கு ஒரு படி ஏற்றம். கடைசியாகப் பார்த்தவன் நான்தான் என்பதால் நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

“காத்து நிக்கலைங்க. அவுக்க முடியாம நின்னான்.”

ஒகுதெரா காகிதத்தைப் படுக்கையில் வைத்தார். “கட்டுன்னா இது கட்டுன்னு சொன்னது நான்” என்றார். பிறகு, “உன் தங்கச்சிக்குக் குடுக்க நம்மகிட்ட வேற என்னய்யா இருக்கு?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

டிசம்பர் 18.

கையெழுத்துப் போட்டேன். வெந்த கையால், குழந்தை எழுதின மாதிரி வந்தது. ஊர்க் கோயிலில் அந்த வாசகத்தை உரக்கப் படிப்பார்கள். கினு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பாள். பிறக்கிற பிள்ளை அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வளரும். அவன் ஆயுதத்தை விடாதவன், நான் விட்டவன்.

எல்லாமே தலைகீழா இருக்குடா மாப்ள.

டிசம்பர் 20. சனி.

வேறொரு நாசகாரிக் கப்பலில் போட்டிருக்கிறார்கள். கை முழுதும் ஆறவில்லை. ஆள் பற்றாக்குறை, விரல் மடங்கினால் போதுமாம். மேடை கிடையாது எனக்கு இனிமேல். எங்கே போடுகிறார்கள் என்று கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது, என்ன சிரிப்பு என்று முறைத்தார்கள். பின்கோடி. ஆழ்குண்டு.

போவது மறுபடி அதே தீவுக்கு.

டிசம்பர் 21. ஞாயிறு. கடலில்.

அதே காற்று, அதே அலை. பின்கோடித் தலைவன் பெயர் மிகுனி, என்னைவிட வயதில் சின்னவன், சத்தத்தில் பெரியவன். காலையில் சொன்னான்: “ஒரு குண்டு கொறைஞ்சாலும் தோல உரிச்சிருவேன். பழைய தலைவராச்சேன்னு பாக்கமாட்டேன்.”

“சரிங்க” என்றேன்.

இந்தக் கப்பலிலும் எஃகுக் கம்பியால்தான் முறுக்கியிருந்தார்கள். எல்லாவற்றையும் பிரித்தேன். கயிறு மட்டும். வஜிமா முடிச்சு. வலது கை சரியாக மடங்கவில்லை, முதல் முடிச்சு தப்பாக வந்தது. அப்புறம் கைக்குப் பழகிவிட்டது. சின்ன வயதில் அப்பா படகில் கட்டினது.

டிசம்பர் 22. திங்கள்.

மிகுனி வந்து பார்த்தான். ஒரு நுனியைப் பிடித்து இழுத்தான், மொத்தமும் அவன் கையோடு வந்துவிட்டது. குண்டு நகர்வதற்குள் நான் தோள் கொடுத்துத் தடுத்தேன்.

“யோவ், என்னய்யா கட்டு இது? ஒரு அலை போதும், அவுந்து போயிடும்.”

“அவுழும்ங்க.”

“அவுழும்னு தெரிஞ்சேதான் கட்டுனியா?”

“அவுழணும்னுதான் கட்டுனேன்.”

தடி வந்தது. இந்தக் கப்பல் தடியிலும் அதே எழுத்துத்தான் எழுதியிருக்கிறது. கையை உயர்த்திச் சுவரில் ஊன்றி நின்றேன். மிகுனிக்கு நல்ல பலம். அவனுக்கும் கோபம், நிஜக் கோபம், அடியிலேயே தெரிந்தது. விழுந்தேன். தண்ணீர் ஊற்றினார்கள். மீதியும் வாங்கினேன். முடிந்ததும் திரும்பி, குனிந்து, “வழிகாட்டினதுக்கு நன்றிங்க” என்றேன். கம்பியால் முறுக்கிக் கட்டச் சொல்லி இடுக்கியை என் முன்னால் எறிந்துவிட்டுப் போனான்.

உட்கார முடியவில்லை. மண்டியிட்டுத்தான் வேலை செய்தேன். இடுக்கியைக் கடலில் போட்டேன். பிறகு ஒவ்வொரு குண்டாகப் போய் அதே முடிச்சைப் போட்டேன்.